எம்ஆர்ஐ வரை: ரெயூனியனில் என் எண்டோமெட்ரியோசிஸ் அலைச்சல்

புதுச்சேரியிலிருந்து கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவுக்கு வந்தபோதே இந்த வலியும் கூட வந்துவிட்டது. தூரமாகும் முதல் இரண்டு நாள் அடிவயிறு சுருட்டி இழுக்கும், இடுப்பு விட்டுப்போகும். வெந்தயம், பெருங்காய மோர், அப்புறம் இங்கே பல பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் ஸ்பாஸ்ஃபோன் என்ற வயிற்றுப்பிடிப்பு மாத்திரை என்று ஓட்டினேன். "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்றார் அம்மா. தலைமுறைகளாக இந்தத் தீவிலேயே வாழும் பக்கத்து வீட்டுத் தமிழ் ஆயாவும் இங்கத்திய கிரியோல் மொழியில் அதையேதான் சொன்னார்.

குழந்தை நிற்கவில்லை, வலிதான் பரவியது. தூர நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகும். கணவரோடு சேரும்போது உள்ளே ஆழத்தில் வலிக்கும். பிரெஞ்சு எனக்கு நன்றாகவே வரும், ஆனால் இதைச் சொல்ல வாய் வரவில்லை. குடும்ப டாக்டரிடம் வெறுமனே வயிற்றுவலி என்றேன், குடலுக்கு மருந்து எழுதினார். அல்ட்ராசவுண்டும் நார்மல் என்று வந்தது.

திருப்பம் ஒரு மருத்துவச்சியிடம். இங்கே 2009 முதல் மருத்துவச்சிகள் பிரசவம் மட்டுமல்லாமல், பெரிய நோயில்லாத பெண்களின் வழக்கமான பரிசோதனையும் பார்க்கலாம். அந்த அம்மா கேள்விகளை வரிசையாகப் போட்டார்: தூரத்தின்போது மலம் போக வலிக்கிறதா, சிறுநீர் போக? உறவின்போது? வேலைக்கு லீவு போடும் அளவுக்கா? தோள்பட்டையில் வலி உண்டா? கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வேறெங்காவது வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற இந்த நோயாம். அரிதாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் உதரவிதானம் வரைகூடப் போகும், அந்த வலி தோளில் தெரியும், அதனால்தான் தோளைக் கேட்டாராம். எந்தத் தேதியில் எங்கே வலி என்று குறித்து வரச் சொன்னார். என்னைக் கேட்டால், ஸ்கேனைவிட அந்தத் தாள்தான் வேலை செய்தது. அல்ட்ராசவுண்ட் நார்மல் என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும், இந்த நோயைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்டிடம் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றும் சொல்லி மகப்பேறு டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

எம்ஆர்ஐக்குச் சில மணி நேரம் சாப்பிடாமல் போனேன். குடல் அசையாமலிருக்க ஊசி போட்டார்கள், படம் தெளிவாக விழ உள்ளே ஜெல் வைத்தார்கள். கூச்சம்தான், வலியில்லை. இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி', கருப்பைக்குப் பின்னால் தசைநார்களில் முடிச்சுகள்.

சென்னை சித்தி மகளுக்கு, வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்துதான் கண்டுபிடித்தார்கள் என்பதால் எனக்கும் அதுதான் என்று பயந்திருந்தேன். படமே தெளிவாக இருக்கும்போது, கண்டுபிடிப்பதற்காக மட்டும் வயிற்றில் துளை போட வேண்டாம் என்றார் டாக்டர். அவள் வாட்ஸப்பில் சொன்ன சிஏ-125 ரத்தப் பரிசோதனையையும் மறுத்துவிட்டார், அது வேறு பல காரணங்களாலும் ஏறுமாம்.

குழந்தை வேண்டும் என்பதால் தூரத்தை நிறுத்தும் ஹார்மோன் மாத்திரை இப்போது எனக்கு ஒத்துவராது. கட்டியை அறுத்தால் முட்டை இருப்பு குறையலாம், அதனால் முதலில் அந்த இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை, பிறகு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) பற்றிப் பேச்சு. நாற்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்புவரை நான்கு முறைக்கான செலவை சமூகக் காப்பீடு ஏற்கும், அது பெரிய ஆறுதல். மாமியார் தீமிதிக்கு நேர்ந்திருக்கிறார். டாக்டர் கொடுக்கும் தேதி அதோடு மோதாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.