ஆய்வு அறிக்கை வந்தது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது

லோடு ஆட்டோவுக்காக நாங்கள் செய்த இரண்டு கியர் மின்சார டிரைவுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைவிட நடுவில் பட்ட பாட்டின் எரிச்சல்தான் இன்னும் மேலே நிற்கிறது. பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் பட்டறை வைத்துக்கொண்டு உருப்படியாக எதையாவது செய்து, அதைப் பதிவு செய்யலாம் என்று நினைக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பம் போட்டதில் ஒரு சிக்கலும் இல்லை. பெங்களூரில் காப்புரிமை அலுவலகம் கிடையாது. கர்நாடகம் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. எல்லாம் இணையத்தில்தான் என்பதால் சென்னைக்குப் போகிற வேலையும் இல்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் வைத்திருந்ததால் படிவம் 28 போட்டுச் சிறு நிறுவனக் கட்டணத்தில் முடிந்தது: விண்ணப்பத்துக்கு ரூ.1,600, முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9-க்கு ரூ.2,500, விரைவு ஆய்வுக்கான படிவம் 18ஏ-வுக்கு ரூ.8,000. பெரிய நிறுவனமாக இருந்தால் இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் ரூ.60,000. உத்யம் இல்லாதவர்கள் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கோளாறு அதற்கப்புறம். எங்களுக்காக விண்ணப்பத்தைக் கவனித்த காப்புரிமை ஏஜென்ட் யார் என்று சொல்லப்போவதில்லை. விண்ணப்பத்தில் தகவல் தொடர்புக்கு அவருடைய மெயில் மட்டும்தான் இருந்தது. விண்ணப்பத்தை ஆய்வாளர் பார்த்து ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் முதல் ஆய்வு அறிக்கை, அதாவது எல்லோரும் எஃப்.இ.ஆர். என்று சொல்வது, அந்த மெயிலுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. நான் போன் பண்ணும்போதெல்லாம் "பிராசஸ்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில். வங்கிக் கடன் படிவத்தில் விண்ணப்ப எண்ணை நிரப்ப வேண்டியிருந்தது. சரி, எதற்கும் நிலையைப் பார்த்துவிடுவோம் என்று இணையதளத்தில் எண்ணைப் போட்டால், ஆய்வு அறிக்கை அனுப்பப்பட்ட தேதி அங்கே நிற்கிறது. வந்து மாதங்கள் ஆகிவிட்டன.

உடனே கூப்பிட்டேன். எடுத்தது அங்கே வேலை பார்க்கும் ஓசூர்ப் பையன்.

"எஃப்.இ.ஆர். வந்திருக்கே தம்பி, எனக்கு ஏன் அனுப்பலை?"

"நார்மலா ரிப்ளை டிராஃப்டோட சேர்த்துத்தான் சார் அனுப்புவோம்."

"சரி, டிராஃப்ட் எங்கே?"

"அது இன்னும் ஆரம்பிக்கலை சார்."

அந்தப் பையன் மேல் கோபமில்லை. உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

இதில் விளையாட முடியாத விஷயம் கெடு. பதில் கொடுக்க, அறிக்கை அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதம். நீங்கள் அதைப் பார்த்த தேதியெல்லாம் கணக்கில் வராது. படிவம் 4 போட்டுக் கட்டணம் கட்டி நீட்டிக்கலாம். ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் காப்புரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டிலும் விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு கத்தி இருக்கிறது. 2024-இல் விதிகளை மாற்றிய பிறகு, அறிக்கை வந்த மூன்று மாதத்துக்குள், வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரம் சொல்லும் படிவம் 3-ஐப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் மெயிலிலேயே அறிக்கை மூன்று மாதம் தூங்கினால் அந்தக் கெடு உங்களுக்குத் தெரியாமலேயே போய்விடும்.

ஆகவே, விண்ணப்பத்தில் உங்கள் மெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை நீங்களே விண்ணப்ப நிலையைப் பாருங்கள். எண் இருந்தால் போதும், வெளியான விண்ணப்பத்தின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அறிக்கையையும் நான் அங்கிருந்துதான் இறக்கிக்கொண்டேன்.

ஏஜென்டை மாற்ற முடிவு செய்தேன். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் அரசு தளத்திலேயே இருக்கிறது. அதில் மெக்கானிக்கல் படித்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். மாற்ற வேண்டுமென்றால் புதிதாகப் படிவம் 26, அதாவது அதிகாரப் பத்திரம், முத்திரைத்தாளில். இங்கேதான் நம் ஊர் இனிஷியல் வந்து குறுக்கே நின்றது.

தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பான் கார்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து பின்னால் போய் நிற்கிறது. டிஜிட்டல் கையெழுத்து பான் கார்டைப் பார்த்து எடுத்தது. பழைய ஏஜென்ட் தட்டிய விண்ணப்பப் படிவம் 1-இல் இனிஷியல், உத்யம் சான்றிதழில் முழுப் பெயர். ஆய்வு அறிக்கையின் கடைசிப் பகுதியில், முறைமைக் குறைகள் என்ற தலைப்பில், இதற்கு விளக்கம் கேட்டு ஒரு வரி. கேட்டதில் தப்பில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதற்கும் முத்திரைத்தாள்.

இ-ஸ்டாம்ப் எடுக்கப் போன இடத்தில் கவுன்டரில் இருந்தவர் என் 'வி'-யை 'பி' என்று அடித்துவிட்டார். அச்சாகி வந்ததும் காட்டினேன். "ஒந்தே லெட்டர் அல்வா சார்" என்றார் சாவகாசமாக. ஒரே ஒரு எழுத்துதான்! அந்த ஒரு எழுத்துக்காகத்தானே பிரமாணப் பத்திரமே எடுக்க வந்திருக்கிறேன் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது? காசு கட்டி அச்சானதைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று என்னிடமே இரண்டாவது முறையும் பணம் வாங்கினார்கள். அதற்குள் மேயோ ஹால் பக்கம் நோட்டரி எழுந்து போய்விட்டார், அன்றைய அலைச்சல் வீண். பணம் கட்டுவதற்கு முன்னால் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இனி அறிக்கையின் சாரம். எங்கள் டிரைவில் மோட்டார் நடுவில் இருக்கும் சன் கியரைச் சுற்றும். அதைச் சுற்றி பிளானட் என்ற சின்ன கியர்கள், அவற்றை வெளியே வளைத்து நிற்பது ரிங் கியர். பிளானட்களைத் தாங்கும் கேரியர்தான் சக்கரத்துக்குப் போகிறது. சன் கியரில் 20 பல், ரிங் கியரில் 70, நடுவில் 25 பல் கொண்ட மூன்று பிளானட். ரிங்கைப் பிடித்து நிறுத்தினால் 4.5-க்கு 1, மேடேற லோ கியர். கிளட்ச் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டினால் 1-க்கு 1. இதில் புதுமை எதுவும் இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே இப்படிப்பட்ட பிளானட்டரி கியர்பாக்ஸ் உண்டு.

எங்கள் சங்கதி ரிங்கை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில். ஒரு திசையில் மட்டும் சுழல விடும் ஒன்-வே கிளட்ச் போட்டால் லோ கியரில் ரிங் பின்னோக்கித் திரும்பாமல் தானாகவே நிற்கும். ஹை கியருக்குப் போகும்போது தானாகவே விட்டுவிடும், இழுப்பு அறுந்து வண்டி வெட்டாது. ஆனால் இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றும்போது ரிங் முன்னோக்கி ஓட ஆரம்பிக்கும், ஒன்-வே கிளட்ச் விட்டுவிடும். அதாவது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வண்டியை மெதுவாக்கும் ரீஜென் பிரேக்கிங் லோ கியரில் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் இறங்கும்போது, பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய கரன்ட் அத்தனையும் பிரேக் ஷூவில் சூடாகத்தான் போகும். நாங்கள் அந்த ஒன்-வே கிளட்சோடு ஒரு சின்ன பேண்ட் பிரேக்கும், அதாவது ரிங்கைச் சுற்றி இறுக்கும் பட்டையும், வைத்தோம். ரீஜென் நேரத்தில் மட்டும் அது ரிங்கைப் பிடிக்கும்.

ஆய்வாளர் எங்களுக்கு முன்பே வெளியான இரண்டு ஆவணங்களை டி1, டி2 என்று எதிரே வைத்திருந்தார். டி1-இல் பிளானட்டரியும் ஒன்-வே கிளட்சும். டி2-இல் ரிங்கைப் பிடிக்க ஒரு பிரேக் மட்டும். இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடுகிறது, ஆகவே கண்டுபிடிப்புப் படி இல்லை, அதாவது துறை தெரிந்த யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான் என்பது முதல் ஆட்சேபம். தெரிந்த உறுப்புகளை அடுக்கி வைத்தது மட்டுமே, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியாகச் செய்கிறது என்று பிரிவு 3(எஃப்)-இன்படி இன்னொன்று. நேர்மையாகச் சொன்னால் முதல் ஆட்சேபம் வலுவானது.

பழைய ஏஜென்ட் இதற்குள் அவசர அவசரமாக ஒரு பதில் வரைவு அனுப்பியிருந்தார். டி1 'வேறு', டி2 'வேறு', ஆகவே எங்களுடையது 'புதிது'. அவ்வளவுதான். ரீஜென் என்ற சொல்லே அதில் இல்லை! யார் விண்ணப்பத்துக்கும் அதை ஒட்டிவிடலாம்.

புதியவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு. "பேண்ட் எவ்வளவு சின்னது? ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும்?" அங்கேதான் பிடி கிடைத்தது. ஓட்டும்போது வரும் முழு முறுக்கு விசையை (டார்க்) ஒன்-வே கிளட்ச் தாங்கிவிடுகிறது, பேண்டுக்கு மிஞ்சுவது ரீஜென் முறுக்கு மட்டும். அதிலும் அந்தப் பட்டையின் நிலையான முனை எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். சரியான பக்கத்தில் இருந்தால், ரிங் முன்னோக்கி ஓடப் பார்க்கும்போது உராய்வே பட்டையை இன்னும் இறுக்கிவிடும். அதை இழுக்கப் பெரிய ஆக்சுவேட்டர் தேவையில்லை, மின்காந்தத்தால் கம்பியை இழுக்கும் சின்ன சொலினாய்டு போதும். ஒன்-வே கிளட்ச் பின்திசையைப் பார்த்துக்கொள்வதால்தான் பேண்டை முன்திசைக்கு மட்டும் அமைக்க முடிகிறது. ஒன்று இல்லாவிட்டால் மற்றதை இப்படிச் செய்யவே முடியாது. 3(எஃப்)-க்கும் இதுதான் பதில்.

ஆனால் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரலில் இதைச் சேர்க்க வேண்டுமே. பிரிவு 59 குறுக்கே நிற்கிறது: முதலில் தாக்கல் செய்ததில் இல்லாத எதையும் இப்போது கொண்டுவர முடியாது. விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக்குறிப்பைப் புரட்டினால் பட்டையைப் பற்றி மொத்தம் ஒரே ஒரு வாக்கியம், திசை பற்றி ஒன்றுமில்லை. வயிற்றைக் கலக்கியது. காப்பாற்றியது படம் 4. எங்கள் பட்டறை டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் எதையும் அரைகுறையாக வரைய மாட்டார். பட்டையின் ஒரு முனையைக் கியர்பாக்ஸ் கூட்டில் அடித்த ஆணியோடும், மறுமுனையை சொலினாய்டு கம்பியோடும், ரிங்கின் சுழற்சித் திசையை அம்புக்குறியோடும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் கொடுத்திருந்தார். "படம் ரொம்ப நெரிசலா இருக்கு, எளிமையாக்குங்க" என்று பழைய ஏஜென்ட் கேட்டபோது அவர்தான் மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அந்தப் படத்தை ஆதாரமாக வைத்து முதல் உரிமைக்கோரலைச் சுருக்கித் திருத்தினோம். படத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்னால் எது கைகொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன விஷயம், படத் தாளின் இடது மேல்மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலது மேல்மூலையில் தாள் எண்கள், வலது கீழ்மூலையில் கையெழுத்து. படம் வரையும் கேட் (CAD) மென்பொருளின் தலைப்புக் கட்டத்தோடு அப்படியே அனுப்பாதீர்கள். உரிமைக்கோரலில் ஒவ்வொரு உறுப்புக்குப் பக்கத்திலும் படத்தில் உள்ள எண் வர வேண்டும்.

பதில் போன பிறகும் விசாரணை அறிவிப்பு வந்தது. பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். வீடியோவில்தான் நடக்கிறது. தள்ளிப்போட வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாகவே கட்டணத்தோடு கேட்க வேண்டும், அதுவும் இரண்டு முறைதான். நான் பாதியாக அறுத்த ரிங் கியரையும் பட்டையையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசாரித்த காப்புரிமை அலுவலக அதிகாரியான கண்ட்ரோலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: டி2-இன் பிரேக்கை டி1-இல் ஒருவர் ஏன் போட மாட்டார்? போடலாம் மேடம், ஆனால் டி2-இன் பிரேக் இரண்டு திசையிலும் முழு முறுக்கைப் பிடிப்பது. அதைப் போட்டுவிட்டால் ஒன்-வே கிளட்சுக்கு அங்கே வேலையே இருக்காது என்று சொல்லி, பட்டையைக் கேமரா முன் பிடித்து ரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் கவ்வியது. "இதையே எழுத்தில் கொடுங்கள்" என்றார். விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தாக வேண்டும். புதியவர் மறுநாளே வரைவை எனக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் காப்புரிமை கிடைத்துவிட்டது.

பழைய ஏஜென்ட் 'எஃப்.இ.ஆர். கண்காணிப்பு' என்று ஒரு பில் அனுப்பியிருக்கிறார். கட்டுவதாக இல்லை.

கிடைத்த கையோடு ஒன்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பித்தல் கட்டணம் உண்டு. காப்புரிமை கிடைப்பதற்குள் கடந்துபோன ஆண்டுகளுக்கான பாக்கி இருந்தால், பதிவேட்டில் ஏறிய மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்காவது சேர்த்து முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. நான் அப்படித்தான் கட்டினேன், ரசீது இந்த முறை என் மெயிலுக்கே வந்தது.