பதினெட்டு வயதுக் கோட்டின் இரு பக்கமும்

என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வியை நெறியாளரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தது. ஒரே வகையான திருட்டு, அடிதடி வழக்குகளில் சிக்கி, பதினேழு வயதில் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டவர்களும், பதினெட்டைக் கடந்துவிட்டதால், இளங்குற்றவாளிகளை வைக்கும் பார்ஸ்டல் பள்ளிக்கோ சிறைக்கோ அனுப்பப்பட்டவர்களும், வெளியே வந்த இரண்டு ஆண்டுகளில் எந்த அளவுக்கு மறுபடி குற்றத்தில் ஈடுபடுகிறார்கள்? இதற்கான அனுமதிகளை வாங்கி முடிக்கப் பதினோரு மாதங்கள் ஆயின. ‘மறுபடி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்ய அதற்கும் மேல் ஆயிற்று.

கேள்வி அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1996இல் ஜெஃப்ரி ஃபேகன் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கில் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்குச் சென்ற பதினைந்து, பதினாறு வயதினரையும், பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் சிறார் நீதிமன்றத்துக்குச் சென்ற அதே வயதினரையும் ஒப்பிட்டது. வழிப்பறி வழக்குகளில், பெரியவர் நீதிமன்றத்துக்குப் போனவர்களே அதிகமாக மறுபடி கைதானார்கள். அந்த அமைப்பை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. நம் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில், கொடுங்குற்ற வழக்கில் பெரியவரைப் போல விசாரிக்கப்படும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட சிறுவன்கூட இருபத்தொரு வயது வரை ‘பாதுகாப்பிடம்’ எனும், சிறையல்லாத தனி இடத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு முன் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆகவே எனக்குக் கிடைத்த ஒரே ஒப்பீடு பதினெட்டு வயது என்ற கோடுதான். பதினேழரை வயதுப் பையனுக்கும் பதினெட்டரை வயதுப் பையனுக்கும் தெரு ஒன்று, கூட்டாளிகளும் ஒன்று. பல வழக்குகளில் முதல் தகவல் அறிக்கைகூட ஒன்றுதான். ஒரே பைக்கைத் திருடிய மூவரில் ஒருவன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், மற்ற இருவர் நீதித்துறை நடுவரிடமும் போவார்கள்.

அனுமதிக் கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. சிறார் தரப்புக்கு ஒரு துறை, சிறைத் தரப்புக்கு ஒரு துறை, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு என்று மூன்று வாசல்கள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் கடிதத்தை முதலில் கேட்டது. ஓர் அலுவலகத்தில் என் கோப்பு இரண்டு முறை காணாமல் போனது. மூன்றாவது முறை பெறுதல் முத்திரை வாங்கிய நகலைக் கையில் வைத்துக்கொண்டேன். தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு கேட்ட ஒரு கேள்வி மட்டும் ஆய்வின் போக்கையே மாற்றியது. காவல்துறைக்குத் தெரியாத குற்றங்களைப் பற்றி அவர்கள் உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் ஆய்வாளரின் குறிப்புகளை நீதிமன்றம் கேட்டுவிடாதபடி காக்க ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. அதை நம்பி இங்கே வாக்குக் கொடுக்க முடியாது. மேலும், பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். எனவே இடம், நாள், ஆள் எதையும் கேட்காமல் “வெளியே வந்தபின் எதையாவது எடுத்தீர்களா, யாரையாவது அடித்தீர்களா, எத்தனை தடவை” என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன். எதைச் சொன்னால் நான் வெளியே சொல்ல நேரிடும் என்பதையும் ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே எழுதி, வாசித்துக் காட்டினேன்.

ஒலிப்பதிவுக் கருவிக்கு அனுமதியில்லை, தாளும் பேனாவும்தான். முதல் நாள் காவலர் ஒருவர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். எதிரே இருந்த இளைஞர் எல்லாக் கேள்விக்கும் “நல்லா பாத்துக்கறாங்க சார்” என்றே பதில் சொன்னார். உணவு பற்றிக் கேட்டபோதும் அதே பதில், தம் தங்கையைப் பற்றிக் கேட்டபோதும் அதே பதில். அந்த நாளின் தாள்களை ஆய்வில் சேர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் தொலைவில், காதுக்கு எட்டாத தொலைவில் காவலர் நிற்கலாம் என்று கண்காணிப்பாளர் இசைந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது.

அந்தப் பேச்சுகளில்தான் என் அளவுகோல் உடைந்தது. சிறைக்குத் திரும்பி வருவதை மறுகுற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மீன் சந்தையில் இரவு வேலை பார்த்த ஒருவர் இரண்டாம் முறை உள்ளே வந்ததற்குக் காரணம் புதிய குற்றம் அல்ல. பழைய வழக்கில் இரண்டு வாய்தா தவறியதால் பிடிவாரண்டு. “விடியக்காலம் ஆறு மணிக்குப் படுத்தா பத்து மணிக்கு கோர்ட்டுல எப்படி சார் நிக்கறது?” என்று கேட்டார். இன்னொருவர், நன்னடத்தைக்காக எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்தை மீறினார் என்று உள்ளே வந்தவர். குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாறிப் பிரிவு எண் 129 ஆன பிறகும் அவரும் அவரை அழைத்துவந்தவர்களும் ‘நூத்திப்பத்து’ என்றுதான் சொல்கிறார்கள். ஏற்கெனவே பெயர் பதிந்தவர் என்றால் பகுதியில் எது நடந்தாலும் முதலில் அழைக்கப்படுவது அவரே. ஆக, மறுகைது என்ற எண்ணிக்கை பையனின் நடத்தையை எவ்வளவு அளக்கிறதோ அவ்வளவுக்குக் காவல் நிலையத்தின் கவனத்தையும் அளக்கிறது. கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்தவர் மீது அந்தக் கவனம் வேறு அளவில் இருக்கிறது என்பதால், இரு தரப்பையும் மறுகைதை வைத்து மட்டும் ஒப்பிடுவது பிழை.

தண்டனைத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறார்கள்: ஓராண்டுக்குள் செய்த குற்றம், அந்த ஓராண்டிலோ அதன் பிறகு ஆறு மாதத்துக்குள்ளோ முடிவான தீர்ப்பு அல்லது காவல்துறையின் முறையான எச்சரிக்கை. நம் வழக்குகள் ஆறு மாதத்தில் குற்றப்பத்திரிகையையே எட்டாமல் போகலாம். நம் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். நான் சந்தித்தவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான். தண்டனை முடிந்து வெளியே போவது என்ற நிகழ்வே அவர்களுக்கு இல்லை, ஜாமீன்தான். கடைசியில் ஜாமீன் நாளிலிருந்து கணக்கைத் தொடங்கி, புதிய முதல் தகவல் அறிக்கை, பிடிவாரண்டு அல்லது பிணைமீறல், அவரே சொன்னது என்று அட்டவணையில் மூன்று பத்திகளாகப் பிரித்தேன். இடையில் வேறு காரணத்தால் உள்ளே இருந்த நாட்களைக் கழித்தேன். அடைபட்டிருப்பவர் தெருவில் திருட முடியாது என்ற எளிய உண்மையை முதல் வரைவில் மறந்திருந்தேன்.

பெரியவர் தரப்பில் நீதிமன்ற இணையதளத்தில் தேடினேன். ஒரே மணிகண்டன் மூன்று வழக்குகளில் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தார். தந்தை பெயரையும் காவல் நிலையத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் ஒன்றா இரண்டா என்று தெரியும். சிறார் தரப்பில் அந்த வழியே கிடையாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. 24ஆம் பிரிவு, உரிய காலம் முடிந்தபின் ஆவணங்களையே அழிக்கச் சொல்கிறது. ஆய்வாளனாக எரிச்சல் வந்தது. ஆனால் அந்தப் பதிவு இல்லாததால்தான் ஒருவர் பதினெட்டு வயதில் ஓட்டுநர் வேலைக்குச் சேர முடிந்தது என்று கேட்டபின், ஆவணம் இருந்திருக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறார் தரப்புக்கு நேர்காணலையும் நன்னடத்தை அலுவலர் வழியாகச் சம்மதம் கேட்டுச் சந்தித்த குடும்பங்களையும் மட்டுமே நம்பினேன். இரு தரப்பும் சேர்த்து நூறு பேரை எட்டவில்லை. பெரிய முடிவுகளைச் சொல்ல அது போதாது என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன்.

இரண்டாம் ஆண்டில், பத்தொன்பது வயது என்று பதிவாகியிருந்த ஓர் இளைஞரிடம் ஒன்பதாம் வகுப்பை எந்த ஆண்டில் விட்டார் என்று வழக்கம்போலக் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் சம்பவ நாளில் அவருக்குப் பதினேழு வயதும் சில மாதங்களும்தான். கைதின்போது வயதை யாரோ கேட்க, உடன் இருந்தவர்களைப் போலவே தாமும் பதினெட்டு என்று சொன்னதாகச் சொன்னார். சிறார் நீதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சம்பவ நாளில் தாம் சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். அவருடைய சம்மதத்தோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் சொன்னேன். அந்த இளைஞரின் தாய் நகராட்சிப் பிறப்புச் சான்றிதழைத் தேடி மூன்று நாள் வேலையை விட்டு அலைந்தார். சான்றிதழ் வந்தது, வழக்கு குழுமத்துக்கு மாறியது.

அதற்குள் அவர் ஏழு மாதங்களைப் பெரியவர்களுக்கான காவலில் கழித்திருந்தார். சட்டப்படி சிறார், இருந்த இடத்தின்படி பெரியவர். அவரை எந்தத் தரப்பில் எழுதுவது என்று நெறியாளர் கேட்டார். இரண்டிலும் எழுதவில்லை. அட்டவணைக்குக் கீழே அவருக்கு மட்டும் நான்கு வரியில் தனிக் குறிப்பு இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான்.