கால் இடறிய இடம்

முழங்கால் ஜவ்வு கிழிந்தவள் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், அவசரம் மட்டும் ஆகாது. ஏறத்தாழ 14 ஏக்கர். சாமிக்கு ஒரு கோயில், காந்திமதி அம்மனுக்குத் தனியாக ஒரு கோயில், இரண்டையும் சேர்க்க நீளமாக ஒரு சங்கிலி மண்டபம். எங்கே திரும்பினாலும் நடைதான். ஆனித் தேரோட்டத்துக்கே வரச்சொல்லி சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் யார் தோள் பட்டாலும் நான் சாய்ந்துவிடுவேன். திருவிழா முடிந்து ஊர் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை தம்பியோடு போனேன்.

ஜங்ஷனிலிருந்து ஈரடுக்குப் பாலம் வழியாக டவுனுக்கு ஆட்டோ. ஓட்டி வந்த பையன் என் முட்டி உறையையும் கைத்தடியையும் பார்த்துவிட்டு, “எக்கா, சாமி சந்நிதி வாசல்லயே நிப்பாட்டுதேன். பைய எறங்குங்க, என்ன?” என்றான்.

வெளிப் பிராகாரத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கல் சுடும். நல்ல கால் உள்ளவர்கள் குதித்து ஓடி நிழலுக்குப் போய்விடுவார்கள். நம்மால் அது ஆகாது. வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் தடி பிடிக்க வேண்டும், ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே என்று பிசியோதெரபி செய்த பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். படிக்கு அது சரிப்படும். வாசல் நிலைப்படிக்கு? மிதிக்காமல் தாண்டியே பழகிய கால் இது. கல் நடுவில் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, ஓரங்களில் குங்குமம் அப்பியிருக்கிறது. தம்பி தோளில் ஒரு கை, நிலைக்கல்லில் ஒரு கை கொடுத்து ஒவ்வொன்றாகத் தாண்டினேன். பின்னால் வந்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கோயிலின் கதையே கால் இடறியதில்தான் தொடங்குகிறது. மூங்கில் காடாக இருந்த காலத்தில் ராமக்கோன் அரண்மனைக்குப் பால் சுமந்து போவாராம். ஒரே இடத்தில், ஒரே கல்லில் தினமும் கால் தட்டும், பால் கொட்டும். கோபத்தில் கோடரி எடுத்து அந்தக் கல்லை வெட்ட, ரத்தம் பீறிட்டது. ராஜா ஓடி வந்தார். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் லிங்கம். வேணு என்றால் மூங்கில். வேணுவனநாதர் என்ற பெயரும், மூங்கில் தல விருட்சமாக இருப்பதும் அதனால்தான். சிறு வயதில் கேட்டபோது அந்த ரத்தம்தான் மனதில் நின்றது. இப்போது பால்காரரின் கால்தான் நிற்கிறது. தினமும் விழுந்தும் வழியை மாற்றவில்லை அந்த மனிதர்! (சாமி நெல்லுக்கு வேலி கட்டி மழையைத் தடுத்த கதைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. எனக்கு என்னவோ ராமக்கோன் கதைதான் நெருக்கம்.)

கொடிமரத்தின் முன் விழுந்து கும்பிட முடியவில்லை. பெண்களுக்குப் பஞ்சாங்க நமஸ்காரம்: தலை, இரண்டு கை, இரண்டு முழங்கால். ஐந்தில் ஒன்று வராது என்றால் மற்ற நாலும் எப்படிப் போகும்? நின்றபடியே குனிந்தேன். மூலவர் பக்கத்திலேயே நெல்லை கோவிந்தர் சயனத்தில் இருக்கிறார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

சங்கிலி மண்டபத்துக்கு வந்ததும் தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. சம்மணம் போடக் கூடாது என்பதால் காலை நீட்ட வேண்டியிருந்தது. சந்நிதிப் பக்கம் நீட்டாமல் ஒருக்களித்து உட்கார்ந்தேன். அந்தக் கல்லின் குளிர்ச்சி முட்டிக்குக் கீழே ஏறியது, எந்த ஐஸ் பையும் அப்படி இதமாக இருந்ததில்லை. தம்பி இசைத் தூண்களைப் பார்க்கப் போய்விட்டான். உச்சிக்காலம் நெருங்கியதும் மேளச் சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“என்ன ஆச்சி விசேஷம்?”

“விசேஷமெல்லாம் இல்ல தாயி. அம்மன் சாமிக்குச் சோறு கொண்டு போறா. தெனமும் உள்ளதுதான.”

காந்திமதி சந்நிதியிலிருந்து நைவேத்தியம் சாமி சந்நிதிக்குப் போகும் வழக்கம் இது. கல்யாணமாகி வந்த நாள் முதல் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே முட்டி தேய்ந்தவள் நான். கையை எடுத்துக் கும்பிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. காந்திமதித் தாயே, உனக்குமா இந்த நடை?

பிறகு தாமிர சபை. நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் செம்புக்கு உரியது. தில்லையிலும் மதுரையிலும் நின்று கும்பிட்டதற்கும் இங்கே கும்பிட்டதற்கும் ஒரு வித்தியாசம், இந்த முறை நான் நடராஜரின் தூக்கிய காலைப் பார்க்கவில்லை, ஊன்றிய காலைப் பார்த்தேன். அது நேராக நிற்கவில்லை. முட்டி மடங்கி, மொத்த பாரத்தையும் தாங்கிக்கொண்டு, முயலகன் முதுகின் மேல். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி ஆடினார். எனக்கும் மாற்றிக்கொள்ளத் தோதாக இருந்தால் நன்றாயிருக்கும்.

ஆயிரங்கால் மண்டபத்தையும் பொற்றாமரைக் குளத்தையும் எட்ட நின்று பார்த்ததோடு சரி. ரத வீதிகளை அதே ஆட்டோவில் சுற்றி வந்தோம். பிரதட்சிணக் கணக்கில் சேருமா என்று கேட்டதற்கு ஆட்டோக்காரப் பையன், “தேர்ல போறவரே உக்காந்துதான போறாரு எக்கா” என்றான். குறுக்குத்துறை முருகனையும் பார்க்க ஆசை. ஆற்றுக்குள் இருக்கிற கோயில், படி இறங்க வேண்டும். அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இருட்டுக்கடை வரிசையில் தம்பி நின்றான். நான் ஆட்டோவிலேயே இருந்தேன். இலைத் துண்டில் சூடாகக் கொண்டுவந்த அல்வாவில் நெய் விரல் வழியே வடிந்தது.

“எடையக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காருடா.”

“மூட்டுக்கு எண்ணெய் போடணும்லா அக்கா. தின்னு.”