மாருதி 800 பிளாக்கை அளந்து பார்த்தால்

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மாருதி 800-க்கு ஹாஃப் இன்ஜின் (பிளாக்கும் அதன் உள்பாகங்களும்) கேட்டால் ஒன்றுக்கு மூன்றாக இழுத்துப் போடுவார்கள். மூன்றிலும் ஒரே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. "ஓடிக்கிட்டிருந்த வண்டியில இறக்கினதுண்ணே" என்ற வாக்கியமும் மூன்றுக்கும் பொது. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓடிக்கொண்டே ஒரு பிளாக், அதாவது சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பிரும்பு உடல், செத்துப்போவதும் உண்டு.

800-இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்னும் ஓடுகிற வண்டிகளுக்குப் பெரும்பாலும் பழைய பிளாக்தான் கதி. அதனால் முதல் வேலை, அது எந்த பிளாக் என்று தெரிந்துகொள்வது. வார்ப்பின் பக்கத்தில் தட்டையாகச் சீவிய சின்ன இடத்தில் இன்ஜின் நம்பர் குத்தியிருக்கும். 'எஃப்8பிஐஎன்' என்று தொடங்கினால் 800, ஆம்னி வகையறாவின் ஆறு வால்வு இன்ஜின். 'எஃப்8டிஎன்' என்றால் பழைய ஆல்டோவின் பன்னிரண்டு வால்வு. 'எஃப்10டிஎன்' நாலு சிலிண்டர், எண்ணிப் பார்த்தாலே தெரியும். சிக்கல் முதல் இரண்டில்தான். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 72 மில்லிமீட்டர். இரண்டும் 796 சிசி. ஸ்கேலை வைத்து அளந்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நம்பரையும் ஹெட்டையும் (வால்வுகள் உள்ள மேல்மூடி) பார்த்தால்தான் உண்டு. ஆம்னி இன்ஜின் அதே எஃப்8பி என்றாலும் அது முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுவது. 800-இல் குறுக்குவாக்கு. மவுண்டிங் ஓட்டைகளையும் சம்ப்பையும் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) பழைய பிளாக்கின் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் காசைக் கொடுக்கக் கூடாது.

நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓடிய கீறலோ, ஒன்றுக்கொன்று உயரம் மாறிய எழுத்தோ தெரிந்தால் பேரமே வேண்டாம். நல்ல நம்பரானாலும் பில்லும், அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்க வேண்டும். இன்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ.வில் புது நம்பரைப் பதிந்தாக வேண்டும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போய் நிற்கும்போது பில் தேடுவது வீண் அலைச்சல்.

அடுத்து கீழ்ப்பக்கம். பிளாக்கைக் கவிழ்த்து கிராங்க் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் நான்கு மெயின் பேரிங் கேப்பும் இருக்கிறதா, அதே பிளாக்கோடு பிறந்தவையா என்று பார்க்க வேண்டும். கேப்பைப் பூட்டிய பிறகுதான் தொழிற்சாலையில் அந்த நான்கு துளைகளையும் ஒரே கோட்டில் கடைகிறார்கள். வேறு பிளாக்கின் கேப் போல்ட்டில் அழகாக உட்காரும், கிராங்க் மட்டும் சுற்றாது. அல்லது சுற்றும், கொஞ்ச நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். ஒரு கேப் குறைந்தாலும் அந்த பிளாக் பழைய இரும்பு விலைதான்.

தண்ணீர் போகும் வழியையும் விடக் கூடாது. கூலன்ட் ஊற்றாமல் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகள் நம் ஊரில் ஏராளம். உப்பு படிந்து சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் ஜாக்கெட் பாதி அடைத்திருக்கும். வார்ப்பின் ஓட்டையை மூடும் தகடான வெல்ஷ் பிளக் உள்ளிருந்து அரித்து, விரலால் தட்டினாலே பொடியும். மேல்தளத்தில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரிப்பு இருந்தால், அது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வரும் கேஸ்கெட்டின் சிலிண்டர் வளையம் உட்காரும் இடம் வரை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்விளிம்புக் கட்டையை மூலைக்கு மூலை வைத்து 0.05 மில்லிமீட்டர் பீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து, உள்ளே போனால் ஃபேசிங் (தளத்தைச் சீவிச் சமமாக்குவது) வேண்டும். சூடேறி நின்ற வண்டியின் பிளாக் என்று சந்தேகம் வந்தால் தளத்தைத் தகடு போட்டு அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்குவதுதான் நம்பகமான சோதனை. முடிபோன்ற விரிசல் கண்ணுக்குத் தெரியாது, குமிழி தெரியும்.

இனி போர். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் வாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. மூன்று சிலிண்டருக்குப் பதினெட்டு அளவு. டயல் போர் கேஜ் உள்ள லேத் பட்டறைக்கு இது பத்து நிமிட வேலை. ஆனாலும் பலர் நகத்தை மேல்விளிம்பில் ஓட்டி, "படி விழுந்திருக்கு, ஐம்பது போட்டுடலாம்" என்று, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்குத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஏன் பதினெட்டு? சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் எண்ணெய் குறைவு, அழுத்தமும் சூடும் அதிகம். அங்கேதான் முதலில் தேயும். கனெக்டிங் ராடு சாய்ந்து பிஸ்டனைச் சுவரில் தள்ளுவதால் குறுக்குவாக்கில் கூடுதலாகத் தேயும். ஓர் உதாரணம்: இரண்டாம் சிலிண்டரின் கீழே 68.51, மேலே கிராங்க் வாக்கில் 68.56, குறுக்கே 68.66. மேலுக்கும் கீழுக்கும் 0.15 வித்தியாசம், வட்டம் கோணியது 0.10. ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாக்கிக் கடைவது, தேவை என்பதில் சந்தேகமில்லை. 0.25 ஓவர்சைஸ் என்றால் 68.75, 68.66-ஐ விடப் பெரிது, போதும் என்று தோன்றும். போதாமல் போகலாம். புது அளவான 68.50-இலிருந்து தேய்ந்த 0.16-உம் ஒரே பக்கச் சுவரில் என்று வைத்துக்கொண்டால், பழைய மையத்தை நகர்த்தாமல் அந்தப் பள்ளத்தை எட்ட 68.50-உடன் இரண்டு 0.16 கூட்ட வேண்டும். வருவது 68.82. ஆக 0.50தான். மையத்தைத் தேய்ந்த பக்கம் நகர்த்தி 0.25-இலேயே முடித்துத் தருகிற பட்டறையும் உண்டு. சுவர் பளிச்சென்று வந்துவிடும், போர் மட்டும் இருந்த இடத்தில் இருக்காது. அதனால் மையத்தைத் தேயாத அடிப்பகுதியில் பிடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரு சிலிண்டருக்குத்தான் தேவை என்றாலும் மூன்றையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். 0.50-இல் கொள்ளளவு சுமார் 808 சிசி ஆகும். 'பிக்கப் கூடிடுச்சு' என்று யாராவது மகிழ்ந்தால் அது அந்தப் பன்னிரண்டு சிசியால் அல்ல, புது ரிங்கால். 0.50-உம் முடிந்த பிளாக்குக்கு ஸ்லீவ் (உள்ளே இறக்கும் புதுக் குழாய்ச் சுவர்) போடலாம் என்பார்கள். ஒரு சிலிண்டர் என்றால் சரி. மூன்றுக்கும் ஸ்லீவ் என்றால் வேறு பிளாக் தேடுவதே மேல்: இடையில் உள்ள சுவர் மெலிந்துபோகும், ஸ்லீவ் கொஞ்சம் இறங்கினாலும் ஹெட் கேஸ்கெட் நிற்காது.

கடைவதற்கு முன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருப்பதை நம்பி 69.00 கடைந்து வைத்துவிட்டு, பிறகு பிஸ்டன் வாங்கப் போவது தலைகீழ் வேலை. பிஸ்டனை ராடோடு கோக்கும் பிஸ்டன்-பின்னின் ஓட்டைக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்), மேனுவலோ பெட்டியோ சொல்லும் உயரத்தில் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். பிஸ்டன் 68.955, இடைவெளி 0.045 என்றால் முடிவு அளவு 69.00. போரிங் 68.95-இல் நிற்க வேண்டும், மிச்சம் 0.05 சுவரை நுணுக்கமாகத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல்லுக்கு. மெயின் கேப்களைக் குறித்த டார்க்கில் (முறுக்குவிசை) இறுக்கிவிட்டுக் கடைந்தால்தான், ஓடும்போது பிளாக் இருக்கும் வடிவத்தில் போர் வரும். ஹோனிங் கீறல்கள் ஏறத்தாழ 45 டிகிரியில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். கண்ணாடிபோல் மினுக்கிய சிலிண்டரைக் காட்டிப் பெருமைப்படுகிற பட்டறையிலிருந்து பிளாக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அதில் எண்ணெய் நிற்காது, ரிங் படியாது, வண்டி ஆயில் குடிக்கும்.

இந்த வேலையில் அதிகம் கெடுவது இதற்குப் பிறகுதான். ஹோனிங் கல்லின் தூள் சிலிண்டர்ச் சுவரின் கீறல்களுக்குள் புகுந்திருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவினால் பிசுக்குப் போகும், தூள் அங்கேயே நிற்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் நைலான் பிரஷ்ஷும் வேண்டும். நுரை சாம்பல் நிறம் விட்டு வெளுக்கும் வரை தேய்த்து, காற்றடித்துக் காயவைத்து, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுச் சிலிண்டரைத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் கறை விழுந்தால் மறுபடி கழுவல். ஆயில் கேலரி (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் துளை) பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். அந்தப் பிளக்கைக் கழற்றாமல் விட்ட பிளாக்கில், பத்து வருடச் சகதி முதல் ஸ்டார்ட்டிலேயே புது பேரிங்கைத் தேடி வரும். கழுவி முடித்த இரும்பு நிமிடங்களில் துருப் பிடிக்கும். உடனே எண்ணெய் பூசி மூட வேண்டும்.

பூட்டும்போது ரிங்கை முதலில் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாயை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள சந்தை, பீலர் கேஜில் பார்ப்பது நல்லது. இந்த அளவு போருக்கு 0.20 முதல் 0.30 வரை இருக்கலாம். வாய் ஒட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் விரிந்து சுவரைக் கீறும். ரிங்கில் எழுத்துள்ள முகம் மேலே. பிஸ்டன் தலையின் அம்பு கிராங்க் புல்லிப் பக்கம். ஒவ்வொரு பிஸ்டனாகப் பூட்டியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால், எங்கே பிடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மூன்றையும் பூட்டிவிட்டுத் தேடினால் மூன்றையும் கழற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். பிறகு அரைமணி நேரம் சும்மா ஐடிலில் விடுகிற பழக்கம் ரிங்குக்கு நல்லதல்ல. மிதமான சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் அது சுவரில் படியும். இதற்குப் பிறகும் நீலப்புகை வந்தால் மெக்கானிக் லேத்தைக் குறை சொல்வார், லேத்காரர் மெக்கானிக்கை. பல நேரம் குற்றவாளி பிளாக்கில் இருக்காது. ஹெட்டில் மாற்றாமல் விட்ட பழைய வால்வு சீல் ஆறும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.