மூன்று மணிக்கு வாசலில் என்ன நிற்கும்?

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான். ஆனி, ஆடியில் தலை நிமிர நேரம் இருக்காது. மார்கழி வந்தால் தோப்புகள் பூவெடுத்து நிற்கும், ஆலை தூங்கும். அதனால்தான் ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பு கேட்டபோது முதலாளி முகம் சுளிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார். ஓடுவதற்கு என்றேன். "கே.ஆர்.பி. அணைச் சாலையில் ஓடினால் போதாதாம்மா?" என்று சிரித்தார்.

அணைச் சாலையில்தான் ஐந்து வருடமாக ஓடுகிறேன். சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன மறுவாரம் நடக்க ஆரம்பித்தது, மெல்ல ஓட்டமாக மாறியது. வேகம் கிடையாது. இதைப் பார்த்துத்தான் அட்லாண்டாவில் இருக்கும் மகள், ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் நடக்கும் மாரத்தான் வார இறுதியில் அரை மாரத்தானுக்குத் தன் பெயரோடு என் பெயரையும் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். 1994 முதல் நடக்கிற ஓட்டம். இப்போது நான்கு நாள் திருவிழா: வியாழன் ஐந்து கிலோமீட்டர், வெள்ளி பத்து, சனி 21 கிலோமீட்டர் அரை மாரத்தான், ஞாயிறு முழு மாரத்தான். நான்கையும் ஓடுகிற கிறுக்கர்களுக்குத் தனிப் பதக்கம். மொத்தம் 78 கிலோமீட்டர். எனக்கு அந்த 21 போதும்.

ஓடுவதில் எனக்குப் பயம் இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

இவர் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஓட்டம் எப்காட் பூங்காவில் ஆரம்பம், எப்காட்டிலேயே முடிவு. இதோ பார், எப்காட்டை ஒட்டியே ஓட்டல் இருக்கிறது. பீச் கிளப் என்று பெயர். எழுந்தோமா, நடந்தோமா, முடிந்தது."

மகளோ நேர் எதிர். "அப்பா, அந்த விலைக்கு ஒரு பவுன் வாங்கலாம். டிஸ்னி எல்லைக்கு வெளியே மலிவான ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. நான்தான் காரில் வருகிறேனே."

இரண்டும் தவறு என்று என் உள்மனது சொன்னது. காரணம், எனக்கு இரண்டு பழைய சூடுகள் உண்டு.

ஒன்று, திருவண்ணாமலை. மாமியார் உயிரோடு இருந்தபோது ஒரு கார்த்திகை தீபத்துக்குக் கோயிலுக்கு மிக அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். கோபுரம் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் தீபத்தன்று பஸ் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, முட்டிவலிக்காரரான மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்த நடை கிரிவலத்தையே மிஞ்சியது. அறை பக்கத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் தூரத்தில் இருந்தோம்.

இன்னொன்று, பெங்களூரில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். மலிவு என்று பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு லாட்ஜில் படுத்தேன். பின்பக்கச் சுவரை ஒட்டிக் கல்யாண மண்டபம். இரவு ஒரு மணி வரை பாட்டுக் கச்சேரி. நான்கு மணிக்கு இறங்கி வந்தால் ஓட்டத்துக்காகச் சாலையை மூடியிருந்தார்கள், ஆட்டோ ஒன்றுகூட இல்லை. ஓட்டம் தொடங்கும் முன்பே மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தேன்.

ஆகவே ஆலைக் கணக்குப் புத்தகம் ஒன்றில் காலியாக இருந்த கடைசிப் பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்திக்குத் தலைப்பு "தூரம்" இல்லை. "மூன்று மணிக்கு வாசலில் என்ன நிற்கும்?" என்று எழுதினேன். ஓட்டம் காலை ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கெல்லாம் வண்டியில் இருக்க வேண்டும்.

முதலில் இவருடைய பீச் கிளப். அது எப்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் ஒட்டியிருப்பது பூங்காவின் பின்வாசல். ஓட்டக்காரர்கள் கூடுவது முன்பக்கத்து வாகன நிறுத்தத்தில். நடுவில் முழுப் பூங்கா பூட்டிக் கிடக்கும். அந்த ஓட்டலில் தங்குகிறவர்களும் பஸ் ஏறிச் சுற்றிக்கொண்டுதான் முன்பக்கம் வர வேண்டும். கோபுரம் தெரிகிற ஜன்னல் கதையேதான். ஆனால் முழு மாரத்தானை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கடைசிக் கட்டத்தில் அந்த வட்டாரத்து ஓட்டல்களின் வாசல் வழியாகத்தான் ஓட்டம் எப்காட்டுக்குள் நுழைகிறது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடலாம்.

அடுத்து மோனோரயில், அதாவது ஒற்றைத் தண்டவாள ரயில், நிற்கும் ஓட்டல்கள். கன்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் என்று மூன்று. ஓட்ட நாட்களில் மோனோரயில் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும், நடுவில் ஒரு நிலையத்தில் மாறினால் எப்காட். அரை மாரத்தான் அந்த ஓட்டல்களைக் கடந்துதான் போகிறது என்பதால் இவர் வாசலில் நின்று எனக்குக் கையும் காட்டலாம். எல்லாம் சரி. நாங்கள் பார்த்த அன்று அங்கே ஒரு ராத்திரிக்கான வாடகையில் சாதாரண ஓட்டலில் மூன்று ராத்திரி தங்கலாம். கை காட்டுவதற்கு அவ்வளவு விலையா என்று கேட்டேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம், மனதுக்குள் காட்டிக்கொள்கிறேன்" என்றார்.

மகளின் யோசனையைத் தள்ளுவதுதான் கடினமாக இருந்தது, ஏனென்றால் வாடகையைப் பார்த்தால் அவள்தான் ஜெயித்தாள். கணக்கு எழுதுகிறவளுக்கு அடக்கவிலை வேறு, வாங்கும் விலை வேறு என்று தெரியாதா? வெளி ஓட்டல்கள் பலவற்றில் வாடகைக்கு மேல் ஒரு வசதிக் கட்டணம், கார் நிறுத்த ஒரு கட்டணம் என்று சீட்டு நீண்டது. டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்கு 2023 முதல் இரவு கார் நிறுத்தக் கட்டணமே இல்லை. அதற்கும் மேலாக, காரை யார் ஓட்டுவது? இவருக்கு அந்த ஊர் உரிமம் கிடையாது. மருமகனுக்கு விடுப்பு இல்லை. சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிற இருட்டில் மகளே ஓட்டிப்போய், 21 கிலோமீட்டர் ஓடி, மறுபடி அவளே ஓட்டிவர வேண்டும். "பிரேக்கை மிதிக்கக் காலில் தெம்பு இருக்குமா கண்ணு?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமில்லை.

மிச்சமிருந்தது டிஸ்னியின் மலிவு வரிசை ஓட்டல்கள். ஆல் ஸ்டார் என்று மூன்று, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன். மலிவு என்றால் அங்கத்திய மலிவு. நம் ரூபாயில் மாற்றிப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும், மாற்றாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. ஆனால் மூன்று மணிக்கு வாசலில் என்ன நிற்கும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தது: ஓட்டக்காரர்களுக்கென்றே வரும் பஸ். அரண்மனை ஓட்டலில் தங்கியவருக்கும் மலிவு அறையில் தங்கியவருக்கும் ஓட்டம் அதே ஐந்து மணிக்குத்தான். நெஞ்சில் குத்தும் எண் அட்டையை நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், இன்னொருவர் வாங்க முடியாது. அதைக் கொடுக்கும் விளையாட்டு வளாகமும் பாப் செஞ்சுரிக்குப் பக்கம். போதாததற்கு அங்கிருந்து எப்காட்டுக்குக் கம்பிவடத்தில் தொங்கிப் போகும் ஸ்கைலைனர். ஓட்டத்தன்று விடியற்காலைக்கு அது உதவாது. மறுநாள் கால்வலியோடு ஊர்சுற்ற உதவும்.

பாப் செஞ்சுரி என்று வட்டமிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கர் புத்தியைப் பாராட்டிக்கொள்கிறேன். ஓட்டத்துக்குப் பெயர் பதிவதற்கு முந்தின நாளே அறையைப் பதிந்துவிடச் சொன்னேன். அறையை உரிய நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பிவிடும். ஓட்டக் கட்டணம் போட்டால் போட்டதுதான், எலும்பு முறிந்தாலும் வராது. திரும்பிவருகிற பணத்தை முதலில் போடு, வராத பணத்தைப் பிறகு போடு என்றேன். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு அறைக்கு அலைகிறார்கள்.

எங்கள் விமானம் பெங்களூரிலிருந்து. பொங்கலுக்கு முந்தைய வாரம், ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் அட்லாண்டாவில் இறங்கி, வியாழக்கிழமை காரில் கிளம்பி ஏழு மணி நேரத்துக்கு மேல் பயணம். இரவு இரண்டு மணிக்கே முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறோமே என்று இவர் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர்கள் கடிகாரம் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே அதிகாலை இரண்டரை என்றால் என் உடம்புக்குக் கிருஷ்ணகிரியில் மதியம் ஒரு மணி, சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கிற நேரம். அமெரிக்காக்காரர்கள் மூன்று கடிகாரத்தில் மணி வைத்து எழுகிற வேளையில் நான் பசியோடு எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

அறை சின்னது. ஒரு கட்டில், எதிர்ச் சுவரில் ஒரு மேசை. இரண்டாவது கட்டில் எங்கே என்று இவர் குளியலறை வரை தேடினார். மகள் வந்து சுவரைப் பிடித்து இழுத்தாள். மேசையை மூடிக்கொண்டு கட்டில் கீழே இறங்கியது. அன்றிலிருந்து அதை ஏற்றி இறக்குவதையே இவர் ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டார். குளிர்பெட்டி உண்டு, அதுதான் எனக்குத் தேவை. ஊரிலிருந்து இவர் கட்டிக்கொண்டு வந்த மின்சாரக் கெட்டிலைச் செருகினால் தண்ணீர் முனகக்கூட இல்லை. நம் வீட்டில் 230 வோல்ட், அங்கே 120. பாதி அழுத்தம் என்றால் சூடு கால்வாசிதான். "இதில் தண்ணீர் கொதிப்பதற்குள் முழு மாரத்தானே முடிந்துவிடும்" என்றாள் மகள். அவலைத் தயிரில் ஊறவைத்து, உப்பும் இரண்டு கறிவேப்பிலையும் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். அடுப்பு வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்கு முன் என் வயிறு நம்புவது அதை மட்டும்தான்.

அந்த ஓட்டலே ஒரு சிற்றூர். 1950கள் முதல் 1990கள் வரை ஒவ்வொரு பத்தாண்டின் பெயரிலும் கட்டடங்கள், வாசலில் நான்கு மாடி உயரத்துக்குப் பொம்மைகள். பஸ் நிற்பது முன்கட்டடத்தின் வாசலில் மட்டும். அதனால் அறை பதியும்போதே முன்கட்டடத்தை ஒட்டிய 1960களின் கட்டடத்தில், தரைத்தளத்தில் கேட்கச் சொல்லியிருந்தேன். அதிர்ஷ்டம், கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை கதவிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தப்படி எண்ணிக்கொண்டு நடந்தேன். 236. பின்னால் வந்த இவர், "கிணற்றுக்கு இடம் பார்க்கிறாயா?" என்றார்.

சனிக்கிழமை மூன்று பத்துக்குப் பஸ். உள்ளே யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு கண்மூடியிருந்தார். பக்கத்தில் வந்த பெண் தவளை வேடத்தில் இருந்தாள். எப்காட்டில் இறங்கிய பிறகும் தொடக்கக் கோட்டுக்கு நல்ல நடை. எந்த ஓட்டலில் தங்கினாலும் அந்த நடை உண்டு. 2017இல் இதே அரை மாரத்தானை இடி மின்னலுக்குப் பயந்து ரத்தே செய்தார்களாம். எங்களுக்கு வானம் சுத்தம். அணைக்கரையின் மார்கழிக் குளிரேதான்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மைலுக்குப் பதினாறு நிமிடத்துக்குமேல் எடுக்கக் கூடாது, அதாவது ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். அந்த வேகத்தில், கடைசி ஆளுக்கும் பின்னால் பலூன் கட்டிய சில பெண்கள் நடந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்தங்கினால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். முதல் பாதி முழுக்க நான் திரும்பித் திரும்பிப் பலூனைத்தான் தேடினேன். இருட்டில் விளக்கு போட்ட சிண்ட்ரெல்லா கோட்டை வந்தபோது மகள் என் தோளைத் தட்டி, "அம்மா, முன்னால் பாருங்கள்" என்றாள். மூன்று மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் குறைவாக முடித்தேன்.

முடிவுக் கோட்டில் இவர் நிற்பதாக ஏற்பாடு. நிற்கவில்லை. சுவர்க்கட்டிலை இறக்கி, சுகமாகத் தூங்கிவிட்டார். கோபப்படக்கூடக் காலில் தெம்பு இல்லை. வரிசையாக நின்ற பஸ்களில் பாப் செஞ்சுரி என்று எழுதியதில் ஏறினோம். இறங்கியதும் மகள் படிக்கட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, நான்தான் பார்த்து வைத்திருந்தேனே.

நிறுத்தத்திலிருந்து அறைக்கு மறுபடி எண்ணினேன். கால் எட்டிவைக்க மறுத்தது, தேய்த்துத் தேய்த்துத்தான் நடந்தேன். நானூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. கதவைத் தட்டினால், கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தவர் என் கழுத்துப் பதக்கத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "அவல் மிச்சம் இருந்தது, சாப்பிட்டுவிட்டேன்" என்றார்.