காலை ஆறு மணிக்குச் சுடலைமாடன்

ஜூலை 18, 2024, வியாழன்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கேபிள் கன்ட்ரோல் ரூமில்தான் எனக்கு வேலை. உள்ளூர் சேனல் ஒன்று உண்டு. காலையில் பக்திப் பாடல், பகலில் கடைத்தெரு விளம்பரம், ராத்திரி ஏதாவது ஒரு ஊர்க் கொடையில் பிடித்த வில்லுப்பாட்டு. இத்தனை நாளும் பழைய கம்ப்யூட்டரில் வீடியோக்களை வரிசையாகப் போட்டு ஓடவிட்டோம். ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டியல் முடிந்துவிட்டால் விடியும்வரை கருப்புத் திரைதான்.

இன்று எஃப்எஃப்பிளேஅவுட் போட்டாயிற்று. பட்டியலில் உள்ள நேரப்படி வீடியோக்களைத் தானாக ஓட்டும் மென்பொருள் அது. காசில்லை, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. முதலில் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதி, பிறகு ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதியது. உள்ளே வேலை செய்வது வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி. ஸ்வீடனின் எஸ்விடி தொலைக்காட்சி உருவாக்கிய காஸ்பர்சிஜி என்ற ஒளிபரப்பு மென்பொருளையும் பார்த்தேன். திரையில் எழுத்தும் படமும் ஓட்ட அருமையானது. ஆனால் எங்கள் தேவைக்கு அது கல்யாணப் பந்தலில் ஒரு டீ போடுவது மாதிரி.

ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. சேனலை நடத்தும் அண்ணாச்சி மூணு மணி தாண்டித்தான் சுவிட்சைத் தொட விட்டார்.

ஜூலை 20, சனி

அண்ணாச்சி நிகழ்ச்சி நிரலை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார். '6.00 பக்தி, 7.00 விளம்பரம்' என்று. அதை நான் ஜேசன் கோப்பாக, அதாவது மென்பொருள் படிக்கும் வடிவத்தில், மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு, ஆண்டு, மாதம் என்று அடைவுக்குள் அடைவு. ஒவ்வொரு வீடியோவுக்கும் நாலு விவரம்: எந்த நொடியில் ஆரம்பம், எந்த நொடியில் முடிவு, மொத்தம் எத்தனை நொடி, கோப்பு எங்கே இருக்கிறது. எல்லாம் கூட்டி 86,400 நொடி வரவேண்டும். குறைந்தால் மிச்சத்தை 'ஃபில்லர்' வீடியோ நிரப்பும். பாபநாசத்தில் படித்துறைப் பக்கம் தாமிரபரணி ஓடுவதை முன்பு அரை நிமிஷம் எடுத்து வைத்திருந்தேன். அதையே ஃபில்லராக வைத்தேன்.

"நொடிக் கணக்கெல்லாம் எதுக்குடே? மணிக் கணக்கு போதாதா?" என்றார் அண்ணாச்சி. ஏழு மணி விளம்பரம் ஏழே காலுக்கு வந்தால் கடைக்காரரிடம் பேச்சு வாங்குவது அவர்தான். அதைச் சொன்னதும் பேசாமல் போய்விட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் போன். எடுத்ததும் ஒரு பெரியம்மா: "ஏ தம்பி, விடியக்காலத்துல சுடலைமாடன் வேட்டைக்குப் போயிட்டு இருக்காரு, என்னன்னு பாரு."

டிவியைப் போட்டுப் பார்த்தால் உண்மைதான். முருகன் பாட்டு வரவேண்டிய நேரத்தில் நள்ளிரவு வில்லுப்பாட்டு மறுஒளிபரப்பின் உடுக்கைச் சத்தம். சில வீடுகளில் பிள்ளைகள் பயந்தே போயிருக்கும். என் தப்புதான். புதுக் கம்ப்யூட்டரில் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டுவிட்டேன், அது உலகப் பொது நேரத்தில் நின்றது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தி. நமக்கு ஆறு என்றால் அதற்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மென்பொருள் அதன் கடிகாரப்படி சரியாகத்தான் ஓட்டியிருக்கிறது. ஒரு வரிக் கட்டளையில் கொல்கத்தா நேரத்துக்கு (கம்ப்யூட்டரில் இந்திய நேரத்துக்கு அந்தப் பெயர்தான்) மாற்றிவிட்டு, அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

பழைய சரக்கைச் சுத்தம் பண்ணும் வேலை. போனில் எடுத்த வீடியோக்களில் நொடிக்கு வரும் சட்டக (ஃபிரேம்) எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. போகப் போக வாயும் பேச்சும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் நொடிக்கு 25 சட்டகம் என்று மாற்றினேன். ஒலி அளவு இன்னொரு தலைவலி. பக்திப் பாட்டு முணுமுணுக்கும், அடுத்து வரும் வில்லில் குடமும் ஜால்ராவும் காதைக் கிழிக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பில் வைத்திருக்கும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (ஒலி உரப்பின் அலகு) என்ற அளவுக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஒன்பது மணிக்கு வில்லு தொடங்கியது. 10.12க்கு எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது, இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் தானாக எழுந்து, மறுபடி படம் வரும்போது 10.23.

விட்ட இடத்திலிருந்து வரும் என்று அண்ணாச்சி நினைத்திருந்தார். வரவில்லை. 10.23க்கு வில்லு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் வந்தது. கரண்ட் போகும்போது கதையில் கைலாசத்தில் நின்ற புலவர், இப்போது பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட, பூலோகத்துக்கு வந்து வரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நடுவுல பதினோரு நிமிஷக் கதை எங்கடே போச்சு?"

"போயிடுச்சு, அண்ணாச்சி. அது கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடும்."

"ஜனம் கதையை பார்த்துல்லா உக்காந்திருக்கு!"

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அங்கே நிறுத்தி அங்கேயே தொடங்கினால் பின்னால் வருவதெல்லாம் பதினோரு நிமிஷம் தள்ளிப்போகும், விடிந்ததும் ஆறு மணிப் பாட்டுவரை. இரண்டு பேரும் ராத்திரி ஒரு மணிவரை இதைத்தான் பேசினோம். முடிவு ஒன்றும் இல்லை.

ஜூலை 31, புதன்

விட்ட பகுதியை மத்தியானம் போட்டுவிட்டோம். ஆரம்பம் 4320-ஆவது நொடி வரவேண்டியது, கதை பிடிபட 20 நொடி முந்தி 4300 என்று போட்டேன், முடிவு 4980. வீடியோவை வெட்டவே இல்லை, இரண்டு எண் மட்டும்தான் மாற்றினேன். புது பேட்டரிக்கும் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு எங்கள் பையன் கேமராவோடு போனான். காட்டுக்குள்ளிருந்து நேரலைக்கு வழி கிடையாது. மெமரி கார்டோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அந்த வீடியோக்களை ராத்திரியோடு ராத்திரியாக இன்றைய பட்டியலில் சேர்த்தபோது, தூக்கக் கலக்கத்தில் கடைசி வரிக்கு அடுத்து ஒரு காற்புள்ளி விட்டுவிட்டேன். ஜேசனுக்கு அது ஆகாது. முழுப் பட்டியலையும் படிக்க முடியாமல், ஆறு மணியிலிருந்து ஃபில்லரையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து பார்த்தபோது எட்டேகால். இரண்டேகால் மணி நேரம் ஊருக்கெல்லாம் தாமிரபரணிதான்.

விளம்பரக்காரர் இருவர் கேட்டார்கள். அவர்களை அண்ணாச்சி பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

ஒரு ஆச்சி போன் பண்ணினார். கோபத்தில் பேசப்போகிறார் என்று நினைத்தேன். "அன்னைக்குக் காலம்பற ஆத்துத் தண்ணி ஓடுச்சே, அது இனி எப்போ வரும்? எனக்கு முட்டுவலி, ஆத்துக்குப் போயி ரெண்டு வருசமாச்சு" என்றார்.

ஃபில்லருக்கு நேரம் கிடையாது. இடம் மிஞ்சினால்தான் வரும். இதை ஆச்சிக்கு எப்படி விளக்குவது?

சாயங்காலம் பாபநாசம் போய் முக்காலியை நட்டு அரை மணி நேரம் எடுத்து வந்தேன். அண்ணாச்சி நாள்காட்டித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்: 'மத்தியானம் 2.30, ஆறு.'