குட்டி பேஸ் வாங்கினால் காசை ஃப்ரெட்டில் போடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊருக்கு 30 அங்குலக் கம்பி நீளமுள்ள குட்டி பேஸ் கிட்டார் நன்றாகவே பொருந்தும். முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் தோட்டத்துச் சாலையில் போகலாம். தேவாலயத்துக் குறுகல் மேடையில் பக்கத்தில் நிற்பவர் கண்ணைக் குத்தாது. நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) முதல் ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வழக்கமான 34 அங்குல பேஸில் 48.5 மி.மீ. தள்ளி இருக்கும், இதில் 42.8தான். சின்னக் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் வாங்கிய கையோடு எல்லாரும் ஓடுவது பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) மாற்றத்தான். அது கடைசி வேலை. குட்டி பேஸில் முதல் தலைவலி கம்பித் தொய்வு. அதே தடிமன் கம்பியை, அதே சுருதிக்கு, குறைந்த நீளத்தில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 34லிருந்து 30க்கு வரும்போது 22 விழுக்காடு போய்விடும். ஐபானெஸ் மிக்ரோ 28.6 அங்குலம், அதில் 29 விழுக்காடு. தொய்ந்த கம்பி அகலமாக ஆடும், அகலமாக ஆடினால் ஃப்ரெட்டில் இடிக்கும். பெரிய பேஸில் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு மேடான ஃப்ரெட் இதில் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். உடனே சேடலை (உடல் பக்கம் கம்பி உட்காரும் துண்டு) தூக்குகிறோம். தொய்ந்த கம்பியை உயரத்திலிருந்து அழுத்தினால் சுருதி இன்னும் ஏறும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெட்டுப்போகிறது.

ஆக, பழையது வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், நெக்கை (கழுத்தை) பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது. 1 மி.மீ. இருந்தால் விற்பவரிடம் கேட்டுவிட்டு டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நம் ஈரத்தில் அந்த ராடின் திருகு நட்டு துருப்பிடித்து இறுகியிருப்பது சகஜம். ஏற்கெனவே முழுக்க இறுக்கியும் நெக் வளைந்தே இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஃப்ரெட் உயரம் 0.7 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மட்டம் தட்ட உலோகம் மிச்சமில்லை. புது ஃப்ரெட் போடும் கூலியையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏர்கோன் போட்ட கடையிலிருந்து புதிதாக வந்த பேஸில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் அரத்தை எடுக்க அவசரப்படாதீர்கள். பலகை காய்ந்து சுருங்கியிருக்கும். இரண்டு வாரம் வீட்டுக் காற்றில் கிடக்கட்டும். மரம் ஈரம் குடித்து விரிந்ததும் முனைகள் உள்ளே போய்விடலாம். போகாததை மட்டும் சீவினால் போதும்.

அடுத்தது கம்பி. தடித்த ஈ கம்பி 105க்கு (0.105 அங்குலத் தடிமன்) குறையாமல் போடுங்கள், 110 இன்னும் நல்லது. வாங்குமுன் கம்பியின் முனைக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்துகொள்ளுங்கள். ஃபெண்டர் மஸ்டாங் பேஸில் சில வகைகளில் கம்பி உடலின் பின்புறத்திலிருந்து வரும். அதற்குக் குட்டி அளவு செட் எட்டாமல் போகலாம். நீளம் கூடிய கம்பியை வெட்டிக் கட்டினாலும் வம்புதான். தடித்த பகுதி திருகாணியில் சுற்றும், ஃப்ளாட் வவுண்ட் (மேல்சுற்று தட்டையான கம்பி) என்றால் அங்கேயே விட்டுப்போகும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிட்டு வெட்டுங்கள். மேல்சுற்று பிரியாது.

கம்பி மாற்றியும் கரகரத்தால் ஃப்ரெட் வேலை. முதலில் மேடு எது என்று கண்டுபிடிக்கவேண்டும். நேர்விளிம்பு ஒன்றை மூன்று ஃப்ரெட் மேல் வைத்தால், நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் அது ஊஞ்சலாடும். பழைய பேங்க் கார்டின் நீளப் பக்கம் 85.6 மி.மீ.; 30 அங்குல நெக்கில் 1 முதல் 3 வரை 78.5 மி.மீ., மட்டுமட்டாக எட்டும். மேலே போகப்போக இடைவெளி நெருங்கும். 17லிருந்து 19 வரை 31 மி.மீ.தான், அங்கே 35 மி.மீ. அளவில் வெட்டிய இரும்பு ஸ்கேல் துண்டு வேண்டும். நான்கு ஃப்ரெட் மேல் படும் விளிம்பு பொய் சொல்லும்.

ஆடும் ஃப்ரெட் எல்லாம் மேடு என்று நினைத்து அரத்தைப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பாதி நேரம் ஃப்ரெட் காடியிலிருந்து மேலே எழும்பியிருக்கும். முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இறங்கி எழுந்தால், பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி, தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, கிளாம்ப் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். பக்கத்துப் பலகையில் முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள், ஏனென்றால் ஈரக் காற்றில் இந்தப் பசையின் ஆவி வெள்ளையாகப் படியும்.

மட்டம் தட்ட 40 செ.மீ. நீளத்தில் சதுர அலுமினியக் குழாய் போதும். ஜன்னல் செய்யும் கடையில் மிச்சத் துண்டு கிடைக்கும். அது நேராக இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. தடித்த கண்ணாடியில் 240 நம்பர் மணல்தாளை ஒட்டி, குழாயின் முகத்தில் மார்க்கரால் கோடுகள் கிழித்து, எல்லாக் கோடும் அழியும்வரை தேயுங்கள். பிறகு அந்த முகத்தில் 400 நம்பர் தாள். கம்பிகளைக் கழற்றி, டிரஸ் ராடைத் திருப்பி நெக்கை நேராக்கி, ஒவ்வொரு ஃப்ரெட் உச்சியிலும் மார்க்கர் பூசி, கம்பி ஓடும் திசையிலேயே நீளவாக்கில் தேய்க்கவேண்டும். கனம் கொடுக்காதீர்கள், அழுத்தினால் நெக் வளைந்து கொடுத்து நடுவில் குழி விழும். எல்லா உச்சியிலும் மை ஒரு கோடாவது போனதும் நிறுத்துங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் மை போகாமல் நின்றால் அதற்காக மற்ற பதினெட்டையும் சீவாதீர்கள், அந்த ஒன்றை மாற்றுவது மலிவு.

தேய்த்த உச்சி தட்டையாக இருக்கும். தட்டையில் கம்பி எந்த விளிம்பில் நிற்கிறதோ அங்கிருந்துதான் சுருதி கணக்கு, அதனால் குழிந்த முகமுள்ள ஃப்ரெட் அரத்தால் மறுபடி முதுகு வளைக்கவேண்டும். மறுபடி மார்க்கர் பூசி, நடுவில் ஒரு மயிரிழைக் கறுப்பு மிஞ்சும்வரை இரண்டு பக்கமும் சீவுங்கள். அந்த இழை போய்விட்டால் ஃப்ரெட் தாழ்ந்துவிட்டது, முன் செய்த வேலை வீண். பிறகு மணல்தாளில் 600, 1000, 2000 என்று ஏறி மெருகு. ஸ்டீல் வுல் பிடித்தவர்கள் பிக்கப்பை டேப்பால் முழுக்க மூடிவிடுங்கள், காந்தத்தில் ஒட்டிய தூள் லேசில் போகாது.

கம்பி கட்டி, 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் ஈ 2.3, ஜி 1.9 மி.மீ. வைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பிக்கப் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் சரி. ஸ்குவையர் பிரோங்கோவில் இருப்பது ஆறு முனையுள்ள, ஸ்ட்ராட் கிட்டார் அளவு ஒற்றைக் காயில் பிக்கப், அதே அளவில் ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) கிடைக்கும். மரத்தைக் குடையாமல் உட்காரும். 250 கிலோ ஓம் பாட்டும் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) 0.047 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் ஒற்றைக் காயிலுக்கு. ஹம்பக்கர் போட்டால் பாட்டை 500 ஆக்குங்கள், இல்லையென்றால் ஒலி போர்வைக்குள் கேட்பது மாதிரி இருக்கும்.